கர்ப்பிணி கண் அயர்ந்தால் குற்றமா?

'விடிந்து இவ்வளவு நேரமாகிறது. இன்னும் எழுந்திருக்கவில்லையே... நாங்கள் எல்லாம் ஒன்பதாம் மாதத்திலும் தண்ணீர் இறைத்தோம், மாவு அரைத்தோம்!'

பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் வீட்டில், பெரியவர்கள் இப்படிச் சொல்வது சகஜம்தான். சொல்பவர் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால், கேட்கிற பெண்ணின் மனம் என்ன பாடுபடும்?

இதற்குத் திருக்கருகாவூர் அம்பிகையே பதில் சொல்லியிருக்கிறாள்!

தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசத்துக்குத் தெற்கே வெட்டாற்றங்கரையில் உள்ளது திருக்கருகாவூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். சுவாமி, முல்லைவனநாதர். புற்று மண்ணால் ஆன திருமேனி என்பதால், அவருக்கு அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துகிறார்கள். அம்பாள், கருக்காத்த நாயகி எனப்படும் கர்ப்பரட்சாம்பிகை.

முல்லைவனமாக இருந்த இந்த இடத்தில், நித்துருவர் என்ற முனிவரும் அவர் மனைவி வேதிகையும் வாழ்ந்தனர். நெடுநாள் பிரார்த்தனைக்குப் பிறகு வேதிகை கருவுற்றாள். ஒருநாள், கணவர் வெளியே போயிருந்த நேரம். கர்ப்பத்தின் களைப்பில் தளர்ந்து கிடந்தாள் வேதிகை. அப்போது, ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சை கேட்டு வாசலில் நின்றார். அவளால் எழுந்து வர முடியவில்லை. அலட்சியம் செய்கிறாள் என்று எண்ணிய முனிவர், கோபத்தில் சாபமிட்டார். கரு கலங்கியது. 'தாயே' என்று கதறினாள் வேதிகை. அம்பிகை ஓடோடி வந்து, அந்தக் கருவைக் குடத்தில் ஏந்திக் காத்து, உரிய காலத்தில் நைத்துருவன் எனும் குழந்தையாகக் கொடுத்தாள் என்கிறது தலபுராணம். காமதேனு பால் கொடுத்ததாம் அந்தக் குழந்தைக்கு!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதிதியை உபசரிப்பது உயர்ந்த தர்மம். ஆனாலும், 'நீ ஏன் எழுந்து பிச்சையிடவில்லை?' என்று அம்பிகை கேட்கவில்லை. களைத்துக் கிடந்தவளின் பக்கம்தான் நின்றாள். அப்படியிருக்க, காபி போட எழுந்து வரவில்லை என்று நாம் கோபித்துக்கொள்ளலாமா?

தாயாக வந்த தெய்வம்

வேதிகைக்கு நேர்ந்த துன்பத்துக்கு இன்னொரு காரணம், அவள் தனியே இருந்தது. திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதையும் இதையே சொல்கிறது. ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வேளை. துணைக்கு வரவேண்டிய தாயோ, காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி, அங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள்.

நம் பெரியவர்கள் வளைகாப்பு வைத்ததிலும் பொருள் உண்டு. சுற்றமும் அக்கம்பக்கத்துச் சுமங்கலிகளும் கூடி வளையல் அடுக்கி, கலந்த சாதம் பரிமாறும்போது, 'உனக்கு நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்லாமல் சொல்கிறார்கள். வயிற்றில் உள்ள சிசுவுக்கு ஆறாம் மாதவாக்கில் காது கேட்கத் தொடங்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். வளையல் ஓசையோடு வீட்டில் பேசும் பேச்சும் அதன் காதில் விழும்தானே?

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

பகலில் அவள் சற்றே படுத்தால், டி.வி. சத்தத்தைக் குறையுங்கள். 'என்னம்மா, முடியவில்லையா?' என்று ஆதரவாகக் கேளுங்கள். யாருக்கோ நேர்ந்த கஷ்டமான பிரசவக் கதைகளை அவள் காதுபடப் பேச வேண்டாம். 'ஆணா, பெண்ணா?' என்ற கேள்வியும் வேண்டாம். மாலையில் விளக்கேற்றியதும் அவளை அருகில் உட்கார வைத்து, கருக்காத்த நாயகியை மனதில் நினைத்து ஐந்து நிமிடம் சேர்ந்து பிரார்த்தியுங்கள். மூத்த குழந்தை இருந்தால், அதுவும் மடியில் இருக்கட்டும்.

திருக்கருகாவூர் அம்பாள் பாதத்தில் வைத்துத் தரும் விளக்கெண்ணெய், வயிற்றில் தடவிக்கொள்வதற்குத்தான், அருந்துவதற்கு அல்ல. அதையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தடவுங்கள். வலி கண்டால், எண்ணெயை நம்பி வீட்டில் காத்திராமல், உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

குடத்தில் வைத்துக் கருவைக் காத்தாள் அம்பிகை. நம் வீடும் அந்தக் குடமாக இருக்கட்டும். நாளைக் காலையில், உங்கள் மருமகளோ மகளோ அசந்து தூங்கினால், போர்வையைச் சரிசெய்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்துங்கள். அதுவும் அம்பாளுக்குச் செய்யும் பூஜைதான்!