வீட்டுக்கும் உதவிக்கும் நடுவே நிற்பவர்



சித்திரை மாத நண்பகலில், இராசிபுரத்திலோ சங்ககிரியிலோ சிமெண்டுத் தகட்டுக் கூரையின் கீழ் ஒரு நாழிகை உட்கார்ந்தவருக்கு இப்பாடத்தின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, பாவு நனைந்து, கூலியை இழந்த நெசவாளருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெயிலையும் மழையையும் தாங்கும்படி ஏழையின் வீட்டைச் சீர்செய்வதில், நடுவே நின்று உதவுகிறவரின் கடமை யாது என்பதே இவ்வாரப் பாடம்.

அமெரிக்க நாட்டில் 1976-ல் ஏற்பட்ட சட்டத்தின்படி, ஏழைகளின் வீடுகள் அரசுச் செலவில் சீர்செய்யப்படுகின்றன. அங்கே வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் இடையில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். மனு வாங்குவது, வருமானச் சான்று பார்ப்பது, சோதிக்க வரும் நாளைச் சொல்வது, வேலை முடிந்தபின் குறை கேட்பது ஆகியவை அவர் பொறுப்பு. அங்கே சந்துகளை அடைத்துக் குளிரைத் தடுக்கிறார்கள். இங்கே சூட்டைத் தடுத்துக் காற்றை உள்ளே விட வேண்டும். வேலை வேறு, பொறுப்பு ஒன்றே.

நம் தமிழ்நாட்டில் 2024-ல் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. குடிசைகளுக்குப் பதிலாக 2030-க்குள் 8 லட்சம் காங்கிரீட் வீடுகள் கட்டுவது அதன் நோக்கம். வீடு ஒன்றுக்கு 360 சதுர அடி, உதவித்தொகை 3.5 லட்சம் ரூபாய். அரசுத் திட்டங்களில் முன்பு கட்டப்பட்டுப் பழுதான ஊரக வீடுகளைச் சீர்செய்யவும் அதே ஆண்டில் ஒரு திட்டம் வந்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்ததும் அவ்வாண்டிலேயே.

ஆனால் திட்டம் தானாக வீட்டு வாசலுக்கு வராது. நடுவே நிற்பவர் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, நேரில் பார்ப்பது. வெயில் ஏறிய வேளையில் ஒரு முறையும், மழை நாளில் ஒரு முறையும் போங்கள். கைக்குழந்தை எங்கே தூங்குகிறது, படுத்த படுக்கையான பெரியவர் எங்கே கிடக்கிறார் என்று கேளுங்கள்.

இரண்டாவது, காகிதங்களைச் சரிபார்ப்பது. பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருந்தால், கைம்பெண்ணான மருமகளின் மனு அங்கேயே நின்றுவிடும். பணம் வேலையின் நிலைக்கேற்பத் தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு முடங்கியிருந்தால் சுவர் பாதியில் நிற்கும். ஆகவே மனு எழுதுமுன்பே இவற்றைப் பாருங்கள்.

மூன்றாவது, மெய் சொல்வது. “நான் வாங்கித் தருகிறேன்” என்று வாக்குக் கொடுக்கலாகாது. தகுதி இல்லையென்றால் அன்றே சொல்லிவிடுங்கள். ஒரு வருஷம் காத்திருந்து ஏமாறுவதைவிட அது மேல். காசு ஒன்றும் வாங்கலாகாது.

உதவி கிட்டாத வீட்டுக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொங்கலுக்குச் சுவரில் அடிக்கும் சுண்ணாம்பையே, பங்குனிக்குள் மொட்டை மாடியில் இரண்டு பூச்சு அடித்தால், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்பும். உள்ளே சூடு தணியும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கல்நார்த் தகடாயின் அதைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது; அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தகட்டின்மேல் ஏறி மிதித்தால் உடைந்து விழவும் கூடும்.

சிந்திக்க:

1. உங்கள் தெருவில் பட்டாவோ கணக்கோ சரியில்லாமல் உதவி இழந்த குடும்பம் எது?

2. அவர்களோடு அலுவலகம் வரை நடந்துபோக இவ்வாரம் உங்களுக்கு ஒரு காலைப்பொழுது கிடைக்குமா?