சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பலாமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் கடன் மனு ஒன்று வந்தது. மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்க 30 ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று உறுப்பினர் கேட்டார். ஒரு வருடப் படிப்பு, முடித்த உடனே வேலை என்று நோட்டீசில் போட்டிருந்தது. அவர் சேமிப்பு தவறாமல் கட்டுகிறவர். பழைய கடனில் பாக்கி கிடையாது. ஊக்குநர் தீர்மானம் எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான உறுப்பினர் ஒருவர், "இதைப் படிச்சா நம்ம சுகாதார நிலையத்து நர்சம்மா மாதிரி ஆகலாமா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. "ஆபீஸ் ரூம்ல சுவர் பூரா சர்டிபிகேட் மாட்டியிருக்காங்கக்கா, எல்லாம் கண்ணாடி போட்டு" என்றார் மனு கொடுத்தவர்.

நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். "அரசு பதிவு பெற்றது" என்று பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு எண். அது சங்கப் பதிவு எண். நம் கூட்டமைப்பும் 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானதுதான். அதற்காக நாம் நாளைக்கே நர்ஸ் பட்டம் கொடுக்க முடியுமா? சங்கத்தைப் பதிவு செய்வது வேறு, படிப்புக்கு அங்கீகாரம் வாங்குவது வேறு.

நர்ஸ் வேலைக்குத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கான படிப்புகள் ஏ.என்.எம். 2 வருடம், ஜி.என்.எம். 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். ஒரு வருடப் பயிற்சி முடித்த பெண் ஆஸ்பத்திரியில் உதவியாளராகப் போகலாம், அது கேவலமான வேலை இல்லை. ஆனால் அதை நர்ஸ் படிப்பு என்று சொல்லிப் பணம் வாங்கினால் அது ஏமாற்று. பட்டப் படிப்பு என்றால் பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை இணையதளத்தில் போடுகிறது. பீஸ் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள், கட்டின பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு ஊசி போடும் டாக்டர் பக்கம் திரும்பியது. எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடும்! மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கொஞ்ச நாள் வேலை பார்த்தவர், பிறகு தனியாக அறை எடுத்து, ஸ்டெதாஸ்கோப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கும். இங்கிலீஷில் இருப்பதால் நாம் படித்துப் பார்ப்பதில்லை. அது முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழாகவும் இருக்கலாம்.

"நல்ல மனுசன்க்கா, ராத்திரி கூப்பிட்டாலும் வருவாரு, கடனுக்கும் பார்ப்பாரு" என்பார்கள். உண்மைதான். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "ஒரே ஊசியில் மூட்டு வலி போயிடுச்சு" என்றால், அந்த ஊசியில் என்ன இருந்தது? ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால் வலி சட்டென்று குறையும், சர்க்கரை வியாதி உள்ளவருக்குச் சர்க்கரை ஏறும். படித்த டாக்டர் முதலில் சர்க்கரை உண்டா என்று கேட்பார். படிக்காதவருக்குக் கேட்கத் தெரியாது.

டாக்டர்கள் தங்கள் படிப்பைச் சுவரில் மாட்டலாமா, அது பெருமையடிப்பது இல்லையா என்று ஒரு தங்கை கேட்டார். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது அவரவர் விருப்பம். பதிவு எண் அப்படி இல்லை. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, மாநில மருத்துவக் கவுன்சில் கொடுத்த பதிவு எண்ணை கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் டாக்டர் போட வேண்டும். நமக்கு வேண்டியது அந்த எண்தான். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் எண்ணையும் பெயரையும் தேடிப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது, பெயரும் பொருந்த வேண்டும். வேறொருவர் எண்ணைத் தன் போர்டில் எழுதி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி படித்தவர்களுக்கும் பதிவு உண்டு, அது தனிக் கவுன்சில்களில் இருக்கும்.

பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சந்தேகம் இருந்தால் தெருவில் நின்று சண்டை போட வேண்டாம். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். தனியாக வேண்டாம், குழுவாகப் போங்கள்.

"டாக்டர்கிட்ட போய் நீ படிச்சியான்னு எப்படிம்மா கேட்கிறது?" என்ற கூச்சம் எல்லோருக்கும் இருக்கிறது. வங்கிக்கு நாம் கடனுக்குப் போனால் தீர்மான நகல், குடும்ப அட்டை, போட்டோ, ஆதார் என்று எத்தனை கேட்கிறார்கள். நாம் கோபித்துக்கொண்டா வருகிறோம்? "ரசீதில் உங்க பதிவு எண் போட்டுக் கொடுங்க சார்" என்று கேட்டால் போதும். உண்மையான டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார்.

இன்னொரு விஷயம். சுவரில் மாட்ட வேண்டியவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். ஒரு உறுப்பினர் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதிப் பாஸ் செய்தார். மார்க் ஷீட் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. "வீட்டுக்காரர் சிரிப்பாரு" என்றார். ஜெராக்ஸ் எடுத்து மாட்டச் சொன்னேன். அசலை மாட்ட வேண்டாம், வெயிலும் ஈரமும் பட்டு வீணாகிவிடும். லேமினேஷனும் செய்ய வேண்டாம். எந்தப் பயிற்சி நிலையத்திலும் அசலை விட்டுவிட்டு வராதீர்கள், திரும்ப வாங்க அலைய வேண்டிவரும்.

அந்த 30 ஆயிரம் கடன் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. பெண் ப்ளஸ் டூ முடித்தவள். இப்போது ஜி.என்.எம். சேர விவரம் விசாரிக்கிறாள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் கிடக்கும் மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து வாருங்கள். எத்தனை சீட்டில் பதிவு எண் இருக்கிறது என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.