கடலில் முங்கிய கையோடு கொடைக்கானலா?

திண்டுக்கல்லுக்குக் கடல் இல்லை. ஆனால் புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா பழகியவருக்கு ஊர் திரும்பியதும் முதல் ஆசை, முங்கும்போது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர். அதைச் சுற்றி உலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: முங்கும்போது நம் உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கம்ப்யூட்டர் அளக்கிறது.

உண்மை: அது அளப்பது நீரின் அழுத்தத்தையும் நேரத்தையும்தான். மற்றதெல்லாம் கணக்கு. 1908-இல் ஹால்டேன் போட்ட அடித்தளத்தின் மேல் சூரிச்சில் பூல்மான் வளர்த்த கணக்கு, உடம்பை 16 கற்பனைத் திசுக்களாகப் பிரித்துக்கொள்கிறது. நேற்றிரவு நீங்கள் தூங்கவில்லை, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நம்பிக்கை: விலை கூடினால் பாதுகாப்பும் கூடும்.

உண்மை: கூடுதல் பணம் பெரும்பாலும் வண்ணத்திரைக்கும், சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றை மணிக்கட்டிலேயே காட்டும் வசதிக்கும் போகிறது. கலங்கிய நீரில் எண்கள் தெரிகின்றனவா, பேட்டரியை நாமே மாற்றலாமா, எச்சரிக்கை அளவைக் கூட்டிவைக்க முடியுமா என்று பாருங்கள்.

நம்பிக்கை: கருவி நின்றுபோனால் கூட்டாளியுடையது இருக்கிறதே.

உண்மை: அவர் போன ஆழமும் நேரமும் வேறு, உங்களுடையது வேறு. மாற்றுக் கருவி முதல் முங்கலிலிருந்தே உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். மதியம் பையிலிருந்து எடுத்துக் கட்டினால், காலையில் சேர்ந்த நைட்ரஜன் அதன் கணக்கில் வராது. இரண்டு கருவிகளும் வேறு வேறாகக் காட்டினால், அதிகம் எச்சரிப்பதையே கேளுங்கள். இருந்த ஒன்றும் நின்றுவிட்டால் மெதுவாக மேலேறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வெளியே வந்துவிடுங்கள். அடுத்த 24 மணி நேரம் கடல் வேண்டாம். மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படும் முங்கலுக்குப் பயிற்சி பெற்றவர்கள் ஆழமானி, கடிகாரம், எழுதிவைத்த நிறுத்த அட்டவணை, தனி ரெகுலேட்டரோடு உபரிக் காற்று ஆகியவற்றையும் கொண்டுபோக வேண்டும்.

நம்பிக்கை: முங்கியபின் கம்ப்யூட்டர் காட்டும் 'விமானம் ஏறாதே' என்ற எச்சரிக்கை விமானத்துக்கு மட்டும்தான்.

உண்மை: நம்மூர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப்போல் குறையலாம். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். புதுச்சேரியில் காலையில் முங்கியவர் திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாக இரவுக்குள் அங்கே சேர்ந்துவிடலாம். உடம்பில் தங்கிய நைட்ரஜன், அழுத்தம் குறையக் குறையக் குமிழியாகலாம்; மூட்டு வலிக்கலாம், கைகால் மரத்துப்போகலாம், தலை சுற்றலாம். பயணக் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். ஆக்சிஜன் கொடுக்கக்கூடிய மருத்துவமனைக்குப் போய், கடலில் முங்கியதை முதலில் சொல்லுங்கள்.

முங்கியபின் விமானம் ஏற எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு, முங்குபவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டுதல் இது: நிறுத்தம் தேவைப்படாத ஒரே முங்கல் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முங்கல்கள் என்றால் 18, கட்டாய நிறுத்தம் இருந்தால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். 600 மீட்டருக்கு மேலான மலைக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. இரவை இங்கே கழித்து, மணிக்கணக்கு முடிந்தபின் வத்தலகுண்டு பஸ் ஏறுங்கள்.