புனலூர் முதல் கும்பநாடு வரை: பைபிள் காலேஜ் பார்க்கப் போகிறவர்களுக்கு

செங்கோட்டையில் ரயில் ஏறினால் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். புனலூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலைச் சரிவு என்பதால் ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டியிருப்பார்கள். 1904இல் மீட்டர்கேஜாகத் திறந்து, 2018இல் அகலப்பாதையாக மாறிய தடம் இது. கழுத்துருட்டியில் பதின்மூன்று கண் பாலம் வரும்போது பெட்டியில் எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள். தூக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால், வெள்ளைச் சட்டையும் மடியில் ஜிப் வைத்த கறுப்பு பைபிள் உறையுமாக இருந்தால், அவரிடம் பேச்சுக் கொடுங்கள். அநேகமாக நீங்கள் போகும் இடத்துக்குத்தான் அவரும் போவார்.

புனலூரில் இறங்கி பத்தனாபுரம், அடூர், பந்தளம், முளக்குழா, செங்கன்னூர், திருவல்லா, கும்பநாடு என்று பஸ் மாறி மாறிப் போனால், இந்தியப் பெந்தெகொஸ்தே சபைகளின் பழைய வேதப்பள்ளிகள் பலவும் இந்தச் சாலையை ஒட்டியே வந்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேட்டைத்தான் பார்க்க முடியும்.

பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கட்டடம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடு வேய்ந்த பழைய பகுதி ஒன்று, கான்கிரீட்டில் கட்டிய புதிய பகுதி ஒன்று, நடுவில் சேப்பல், பின்னால் ரப்பர் தோட்டம், அவ்வளவுதான். நான் பார்க்கச் சொல்வது அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையை. ஆவியானவர் வாயில் வார்த்தை தருவார் என்று நம்பும் ஒரு கூட்டம், வார்த்தையைப் பாடத்திட்டம் போட்டு, மணி அடித்து, மதிப்பெண் கொடுத்துக் கற்பிக்கிறது. இந்த முரண் எப்படி நடைமுறையில் ஓடுகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

முரண் புதிதல்ல. பெந்தெகொஸ்தே இயக்கம் தன் தொடக்கத்தைச் சொல்லும்போதே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்துதான் சொல்லும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா நகரில் சார்லஸ் பார்ஹாம் 1900இல் திறந்த பெத்தேல் பைபிள் பள்ளி அது. கட்டணம் கிடையாது, பைபிளைத் தவிர வேறு பாடப்புத்தகமும் கிடையாது. 1901 ஜனவரி 1 அன்று அங்கே ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நிய பாஷையில் பேசினார் என்பது வரலாறு. பிறகு ஹூஸ்டனில் பார்ஹாம் நடத்திய வகுப்பை, கறுப்பர் என்பதால் உள்ளே உட்கார முடியாமல், கதவுக்கு வெளியிலிருந்து கேட்டவர் வில்லியம் சீமோர். அவர்தான் 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் உலகமே திரும்பிப் பார்த்த கூட்டங்களை நடத்தினார். இதற்கெல்லாம் முன்பே, 1860இல், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் நடத்திய எழுப்புதலில் அந்நிய பாஷை கேட்டதாகப் பதிவு உண்டு. இதை இந்த வேதப்பள்ளிகளில் எந்த ஆசிரியரிடமும் சொல்லிப் பாருங்கள், தமிழர் என்று உங்களுக்கு ஒரு கட்டன் சாயா கூடுதலாகக் கிடைக்கும்.

புனலூரின் பெத்தேல் பைபிள் காலேஜ், டொபீகா பள்ளியின் பெயரையே தாங்கியது. அசெம்பிளிஸ் ஆஃப் காட் மிஷனரி ஜான் பர்ஜஸ் 1927இல் மாவேலிக்கரையில் தொடங்கியது, பின்னர் புனலூருக்கு மாறியது. ஊரில் இறங்கியதும் கல்லடையாற்றுத் தொங்கு பாலத்தைப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போங்கள். பாலம் 1877இல் ஆல்பர்ட் ஹென்றி கட்டியது, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அடூருக்குப் பக்கத்தில் மணக்காலாவில் ஃபெய்த் தியாலாஜிக்கல் செமினரி, 1970இல் டி.ஜி. கோஷி நிறுவியது. முளக்குழா எம்.சி. ரோட்டின் மேலேயே இருக்கிறது. 1913இல் இந்தியா வந்த ராபர்ட் குக்கின் மவுண்ட் சீயோன் வளாகம் அது. அவர் 1936இல் சர்ச் ஆஃப் காட் சபையோடு இணைந்தார். திருவல்லாவில் ஷாரோன் பைபிள் காலேஜ். அங்கிருந்து கோழஞ்சேரி சாலையில் ஒன்பது கிலோமீட்டர் போனால் கும்பநாடு, இந்தியப் பெந்தெகொஸ்தே சபையின் தலைமையிடமான ஹெப்ரோன்.

குக்கையும் கும்பநாட்டையும் சேர்த்துச் சொல்லாமல் விட முடியாது. இந்தியப் பெந்தெகொஸ்தே சபையை நிறுவிய கே.ஈ. ஆபிரகாம் முதலில் குக்கோடு சேர்ந்து உழைத்தவர். உள்ளூர் சபையை வெளிநாட்டு மிஷன் ஆளலாமா என்ற கேள்வியில் 1930இல் பிரிந்தார். அதனால்தான் பஸ்ஸில் ஒரு மணி நேர இடைவெளிக்குள் ஒரே விசுவாசத்துக்கு இத்தனை பள்ளிகள். ஒவ்வொரு கேட்டுக்குப் பின்னாலும் ஒரு பிரிவின் கதை உண்டு. கேட்டால் சொல்வார்கள், ஆனால் முதல் நாளே கேட்காதீர்கள்.

முன்கூட்டிப் போனில் பேசிவிட்டுப் போவது அவசியம். பிரின்சிபால் அலுவலகத்தில் "சேப்பலுக்கும் ஒரு வகுப்புக்கும் உட்கார அனுமதி வேண்டும்" என்று சொன்னால் போதும், மறுப்பவர் குறைவு. கல்வி ஆண்டு ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஜூன், ஜூலை மழையில் குடையோடு போகத் தயாரென்றால் புதிய மாணவர்களைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள். ஊழியப் பயிற்சிக்கென்று மாணவர்கள் சபைகளுக்குக் கிளம்பிவிடுவார்கள், ஹாஸ்டலில் சமையல்காரரும் நாயும்தான் இருப்பார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை இன்னொரு சங்கடம்: செங்கன்னூர்தான் சபரிமலைக்கு ரயில் வாசல். அந்த நாட்களில் லாட்ஜில் அறை கேட்டால் சிரிப்பார்கள், திருவல்லாவில் தங்குங்கள்.

காலையில் சேப்பலுக்குப் போய்விடுங்கள். அதற்குப் பிறகு உட்கார வேண்டிய வகுப்பு எது என்று என்னைக் கேட்டால், இரண்டு சொல்வேன்.

ஒன்று, முதலாண்டு கிரேக்கம். புதிய ஏற்பாட்டின் மூலமொழி. 'லூஓ, லூஎய்ஸ், லூஎய்' என்று முப்பது பேர் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மெட்டில் சொல்வார்கள். அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான். கிரேக்கம் தொடங்குகிற எல்லோரும் முதலில் மோதுகிற வினைச்சொல் இதுதான். நான் உட்கார்ந்த ஒரு வகுப்பில் பக்கத்தில் இருந்த பையன் இடுக்கிக்காரன், பத்தொன்பது வயது. நோட்டில் கிரேக்க எழுத்துக்கு மேலே மலையாள உச்சரிப்பைப் பென்சிலில் எழுதி, ஆசிரியர் அருகே வரும்போது கையால் மறைத்தான். இரவு ஜெபத்தில் அதே பையன் கண்ணை மூடிக்கொண்டு, எந்த நோட்டிலும் எழுத முடியாத மொழியில் இருபது நிமிடம் பேசினான். காலையில் ஒரு மொழியைத் தப்பில்லாமல் சொல்லத் திணறியவன், இரவில் இலக்கணமே கேட்காத ஒன்றில் நீந்தினான். எது அவனுக்கு எளிது என்று கேட்டேன். "ரெண்டுமே பயம்தான் ஸார்" என்றான். இதைவிட நல்ல பதிலை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை.

மற்றது பிரசங்கப் பயிற்சி. மாணவர் ஒருவர் மேடையேறிப் பதினைந்து நிமிடம் பிரசங்கிப்பார். மற்றவர்கள் கையில் தாள் வைத்துக்கொண்டு குறை எழுதுவார்கள். தொடக்கம் எப்படி, வசனத்தை அதன் சூழலில் வைத்துச் சொன்னாரா, கடிகாரத்தைப் பார்த்தாரா, 'அல்லேலூயா'வை மூச்சு வாங்குவதற்காகப் பயன்படுத்தினாரா. கடைசிக் கேள்வி நான் சேர்த்ததல்ல, ஓர் ஆசிரியர் உண்மையிலேயே அதற்கு மதிப்பெண் குறைத்தார். வகுப்பு சிரித்தது, பிரசங்கித்தவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. சபையில் யாரும் பாஸ்டருக்குத் தாள் எழுதிக் கொடுப்பதில்லை. வாழ்நாளில் இவர்களுக்கு நேர்மையான விமரிசனம் கிடைக்கிற ஒரே இடம் இந்த வகுப்பாகத்தான் இருக்கும்.

இவை தவிர வேத வியாக்கியானம், சபை வரலாறு, ஆலோசனை ஊழியம், மிஷன் வரலாறு எல்லாம் உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12 முதல் 14 வரையான அதிகாரங்கள் நடத்தும் நாளென்றால் கட்டாயம் உட்காருங்கள். வரங்களைப் பற்றியும் ஒழுங்கைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசும் பகுதி, விவாதம் சூடாகும்.

மாலை ஜெபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பார்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் திடுக்கென்று இருக்கும். எழுந்து வெளியே போகாதீர்கள், சேர்ந்து கத்தவும் வேண்டாம். கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும். செல்போனை எடுப்பது மட்டும் பெரிய பிழை. ஒருவர் அழுவதையோ அந்நிய பாஷை பேசுவதையோ படம் பிடிப்பது, அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறப்பதற்குச் சமம்.

உடை விஷயம். கேரளப் பெந்தெகொஸ்தே விசுவாசிகளில் பெரும்பாலோர் நகை அணிவதில்லை. கல்யாணத்தில் தாலிகூடக் கிடையாது. விருந்தாளியான நீங்கள் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். பளபளப்பானதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் உங்களுக்கே இயல்பாக இருக்கும். பெண்கள் முக்காடு போட ஒரு துப்பட்டா எடுத்துச் செல்லுங்கள். பல இடங்களில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கம் உட்காருவார்கள். செருப்பு வாசலில்.

அழைப்பதில் தமிழர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம் நெல்லைப் பக்கம் 'உபதேசியார்' மரியாதைச் சொல். அங்கே ஊரார் வாயில் 'உபதேசி' சற்றுக் கேலித் தொனியோடும் வரும். 'அச்சன்' என்றால் சிரியன் சபைப் பாதிரியார், அதையும் சொல்லாதீர்கள். 'பாஸ்டர்' என்றால் பிரச்சினையில்லை, ஆசிரியருக்கு 'ஸார்', 'டீச்சர்', மாணவர்களுக்கு 'பிரதர்', 'சிஸ்டர்'. 'ப்ரெய்ஸ் த லார்ட்' என்று கைகூப்பினால் அதையே திருப்பிச் சொல்லுங்கள். 'ஸ்தோத்திரம்' என்றாலும் புரியும்.

சாப்பாட்டை மெஸ்ஸிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கப்பையும் மீன் கறியும் வைக்கும் நாளென்றால் அதிர்ஷ்டம். தட்டை நீங்களே கழுவி வையுங்கள், அங்கே பிரின்சிபாலும் அப்படித்தான். பணம் கொடுத்தால் வாங்கத் தயங்குவார்கள், காணிக்கையாக அலுவலகத்தில் ரசீது வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பார்வையாளராக அல்ல, மகனையோ மகளையோ சேர்க்க வந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொதுவாக ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், சொந்த சபைப் பாஸ்டரின் கடிதம் வேண்டும், ஊழிய அழைப்பைப் பற்றி நேர்காணலில் கேட்பார்கள். பி.டி.ஹெச். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு, எம்.டிவ். பட்டதாரிகளுக்கு மூன்று ஆண்டு. கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி, பட்டத்தை அங்கீகரிப்பது யார் என்பது. மணக்காலா செமினரி செராம்பூர் செனட்டோடு இணைந்தது. 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்திலிருந்து வரும் பட்டம் அது. வேறு பல கல்லூரிகள் ஏசியா தியாலாஜிக்கல் அசோசியேஷன் அங்கீகாரம் வைத்திருக்கின்றன. அது சபை வட்டாரத்திலும் மேல் இறையியல் படிப்புக்கும் உதவும், அரசு வேலைக்கு என்று நம்பிச் சேர்த்துவிடாதீர்கள். வகுப்பு மலையாளத்திலா ஆங்கிலத்திலா என்றும் கேளுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் மலையாளத்தைக் காதால் பிடித்துவிடுவார்கள், தேர்வு எழுதும்போதுதான் கண் கலங்கும்.

பட்டமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. திருச்சூர்ப் பக்கம் பிறந்த ராமன்குட்டி, பாஸ்டர் பால் ஆகி, 1924இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்கள் காலேஜுக்குப் போவதில்லை. விசுவாச வீடுகளில் மூத்தவர்களோடு வாழ்ந்து கற்பார்கள். அதன் தலைமையிடம் இப்போது தாம்பரம் இரும்புலியூரில். கும்பநாட்டைப் பார்த்த கண்ணோடு அதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கும்பநாட்டில் ஜனவரியில் கன்வென்ஷன் நடக்கும். கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் அப்போது, பள்ளியைப் பார்க்க வேண்டுமானால் அப்போது வேண்டாம். வழியில் பூட்டிய பெரிய வீடுகளாகக் கண்ணில் படும். வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்களின் வீடுகள் அவை. திருவல்லாவிலிருந்து வரும்போது இரவிபேரூரில் அரை மணி நேரம் இறங்குங்கள். பறையர் குடும்பத்தில் பிறந்து, சபை சபையாக மாறிப் பார்த்து, அங்கேயும் சாதி விடவில்லை என்று வெளியேறிய பொய்கையில் யோகன்னான் நிறுவிய பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையின் தலைமையிடம் அங்கே இருக்கிறது. வேதப்பள்ளிகளின் சபை வரலாற்று வகுப்பில் அவரைப் பற்றி எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். பதில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டது. நீங்களும் கேளுங்கள்.

திரும்பும்போது திருவல்லாவிலோ செங்கன்னூரிலோ பாலருவி எக்ஸ்பிரஸ் பிடித்தால் புனலூர், செங்கோட்டை வழியாக நெல்லைக்கே வந்துவிடலாம். இரவு ரயில், பதின்மூன்று கண் பாலம் தெரியாது. ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் கல்லூரிப் புத்தகக் கடையில் மலையாளப் பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் எதிர் இருக்கைக்காரர் பாடிக் காட்டுவார்.