தேன் பெட்டியை எங்கே வைப்பது?



தேன் பெட்டி என்றால் தென்னந்தோப்பும் தோட்டமும் உள்ளவர்களுக்குத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் தெருக்களில் கொல்லை என்பது கிணற்றடியும் துணி துவைக்கும் கல்லும் போக நாலு அடி இடம். அங்கே பெட்டி வைக்கலாமா, வேறு எங்கே வைக்கலாம் என்பதே இந்த மாதப் பாடம். நாம் செய்த தவறு ஒன்றிலிருந்தே தொடங்குவோம்.

நடந்தது என்ன?

கணவரை இழந்த ஒரு சகோதரிக்குச் சுயதொழில் உதவியாக நமது அறக்கட்டளை ஒரு தேன் பெட்டி வழங்கியது. அவர் வீட்டுக் கொல்லையில், சந்தை ஒட்டிய மதில் ஓரமாக வைத்துவிட்டு வந்தோம். பெட்டியின் வாசல் சந்தைப் பார்த்து இருந்தது. மதில் மார்பளவு உயரம்தான். பத்தாம் நாள், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கொட்டிவிட்டது. முகம் வீங்கி, இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை.

பார்க்கப் போனபோது பிள்ளையின் பாட்டி கேட்டார்: “உங்களுக்குத் தேன், எங்களுக்குக் கொடுக்கா, பாய்?” நம்மிடம் பதில் இல்லை. பெட்டி வைக்கும் முன் அந்த வீட்டாரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி ஊருக்கெல்லாம் சொல்லும் நாமே அதை மறந்திருந்தோம். தவறு தேனீயுடையது அல்ல, நம்முடையது.

மாடியே சரியான இடம்

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்துக்குத் தேனீயின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அதன் 68ஆவது வசனத்தில் தேனீக்கு மூன்று வசிப்பிடங்கள் சொல்லப்படுகின்றன. மலை, மரம் இரண்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்றாவது, மனிதர்கள் கட்டுபவை. நாம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ இயற்கையிலேயே இருட்டான பொந்தைத் தேடுவது. மரப் பொந்து கிடைக்காவிட்டால் சுவர்ப் பொந்திலும் கவிழ்த்த பானையிலும்கூடக் குடியேறும். எனவே மொட்டை மாடி அதற்கு அந்நியமான இடம் அல்ல.

மாடியின் பெரிய நன்மை பறக்கும் பாதை. தேனீ வாசலை விட்டு நேராகப் புறப்படும். பெட்டி தரையில் இருந்தால் அந்தப் பாதை மனிதர் முகத்துக்கு நேரே வருகிறது. மாடியில் இருந்தால் தலைக்கு மேலே போய்விடுகிறது. குறுக்கே யாரும் நிற்காதபோது கொட்டுவதற்கான காரணமும் குறைகிறது. தண்ணீர்த் தொட்டிகளில் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு இனம்; மூர்க்கமானது.

இடம் மாற்றுவதிலும் ஒரு பாடம்

அன்றிரவே வாசலை அடைத்துப் பெட்டியை மாடிக்குத் தூக்கினோம். காலையில் பார்த்தால், வெளியே போன தேனீக்கள் திரும்பி வந்து பழைய இடத்தில், வெறும் மதிலைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. தேனீ பெட்டியை அல்ல, இடத்தையே நினைவில் வைக்கிறது என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. பெட்டியை ஓரிரு அடி நகர்த்தலாம். இல்லையென்றால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும் என்பது வளர்ப்போரிடையே உள்ள கணக்கு. மறுநாள் இரவு பெட்டியை ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் வைத்து, இரண்டு வாரம் கழித்து மாடிக்குக் கொண்டுவந்தோம். இடையில் கொஞ்சம் தேனீக்களை இழந்தோம்.

மாடியில் கவனிக்க வேண்டியவை

வெயில்: கூட்டுக்குள் புழு வளரும் பகுதியைத் தேனீக்கள் சுமார் 35 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொள்கின்றன. சித்திரை வெயிலில் சூடேறும் தளத்தின்மேல் பெட்டியை வெறுமனே வைத்தால் மெழுகு அடை இளகிச் சரியும், கூட்டமே ஓடிப்போகும். படிக்கட்டு அறையின் கிழக்குச் சுவரோரம் ஏற்றது. காலை வெயில் படும். பிற்பகலில் சுவரின் நிழல் விழும். மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். பெட்டி தளத்தைத் தொடாமல் தாங்கியின்மேல் இருக்கட்டும்.

காற்று, மழை: பெட்டியைத் தாங்கியோடு சேர்த்துக் கட்டுங்கள். வாசல் பக்கம் சற்றே தாழ்ந்திருந்தால் மழைநீர் உள்ளே தங்காது.

எறும்பு: தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். வெயிலில் வற்றிவிடும், தினமும் பாருங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

தண்ணீர்: அகலமான மண்சட்டியில் கூழாங்கல் போட்டு நீர் வையுங்கள். முதல் நாளிலிருந்தே வையுங்கள். இல்லாவிட்டால் அவை பக்கத்து வீட்டுக் குழாயடியைத் தேடிப் போகும். போய்ப் பழகிவிட்டால் திருப்புவது கடினம்.

விளக்கும் துணியும்: இரவில் மாடி விளக்கு எரிந்தால் தேனீக்கள் அதை மொய்க்கும். அவற்றின் எச்சம் காயும் துணியில் மஞ்சள் புள்ளியாக விழும். துணிக்கொடி வாசலுக்கு நேரே வேண்டாம். அடுத்த வீட்டுக் கொடியையும் பாருங்கள்.

மாடி இல்லாதவர்கள் கொசுத்தேனீ வளர்க்கலாம். அதற்குக் கொடுக்கு இல்லை. திண்ணை ஓரத்து மண்பானையே போதும். தேன் மிகக் குறைவாகவே கிடைக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இனி நமது அறக்கட்டளை பெட்டி வழங்கும் முன், சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் சென்று இரண்டு கேள்வி கேட்கும்: உங்களுக்குச் சம்மதமா? உங்கள் வீட்டில் யாருக்காவது தேனீ கொட்டி மூச்சுத் திணறல் வந்ததுண்டா? ‘ஆம்’ என்று ஒரு வீட்டார் சொன்னாலும் அங்கே பெட்டி வேண்டாம். கொட்டிய பின் மூச்சுத் திணறினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்தச் சகோதரியின் மாடியில் பெட்டி இப்போது நிலைத்துவிட்டது. பெட்டி மாடியிலேயே இருக்கப் பாட்டி சம்மதித்துவிட்டார். பேரப்பிள்ளையை மட்டும் இன்னும் அந்த மாடிக்கு அனுப்புவதில்லை. அது அவரது உரிமை. முதல் முறை தேன் எடுத்தபோது அதில் ஒரு பாட்டிலை அந்த வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம்.