படகுக்குக் காம்பஸும் ஜிபிஎஸ்ஸும் மாத்தணுமா? சாலைக் கடைத்தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி இதைப் படி!

தங்கச்சி, விழிஞ்ஞத்துலயோ பூந்துறையிலயோ குளச்சல்லயோ உங்க வீட்டுக்கு ஒரு சின்னப் படகு இருந்தா, பாய் விரிச்சு ஓட்டினாலும் சரி, எஞ்சின் வச்சு ஓட்டினாலும் சரி, கருவி வாங்கப் பணம் எடுத்துக் கொடுக்கிறது பெரும்பாலும் நீதான். அதனால உன்கிட்டயே சொல்றேன். திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில பஸ்ஸை விட்டு இறங்கி, பையோட நேரா சாலைக் கடைத்தெருவுக்குள்ள நுழைஞ்சிடாதே. இந்தத் தெருவுல கிடைக்காத பொருள் இல்லைதான். ஆனா படகு விஷயத்துல எதை இங்க வாங்கலாம், எதை வாங்கக்கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு.

1. பழைய ஜிபிஎஸ்ஸைக் கழட்டுறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிறதை நோட்டுல எழுதி எடு. இதைத்தான் முக்கால்வாசிப் பேர் மறக்கிறாங்க. கரையில தெரியிற மலையையும் சர்ச் கோபுரத்தையும் ஒரே நேர்ல நிறுத்திப் பார்த்து, கணிச்சம் வச்சுப் பெரியவங்க கண்டுபிடிச்ச பார் (கடலடிப் பாறை) எல்லாம் இப்ப அந்தப் பெட்டிக்குள்ள வெறும் எண்ணா உட்கார்ந்திருக்கு. திரை செத்துப்போச்சுன்னா அதுவும் போச்சு. ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் எழுதுங்க, பிறகு ஒரு தடவை சரிபாருங்க.

புதுப் பெட்டியில ஏத்தும்போது அவசரம் வேண்டாம். 8 டிகிரி 22.50 நிமிஷம்னா 8 டிகிரி 22 நிமிஷம் 30 விநாடின்னு அர்த்தம். அதை 50 விநாடின்னு அடிச்சுட்டா 600 மீட்டருக்கு மேல வடக்கே தள்ளிப் போயிடும். அங்க போய் வலை போட்டா என்ன கிடைக்கும், சொல்லு? பழைய பெட்டி எந்த முறையில காட்டுதோ, புதுசையும் அதே முறையில முதல்ல வச்சுக்கோ. வரைபடக் கணக்கு 'டபிள்யூஜிஎஸ் 84'னு இருக்கான்னும் பாரு. பழசை விக்கிறதா இருந்தா எல்லாத்தையும் அழிச்சிட்டுக் கொடு. பார் இருக்கிற இடம் உன் வீட்டுச் சொத்து.

2. காம்பஸைச் சோதிக்காம தூக்கிப் போடாதே. ஒரு ஸ்பேனரை ஒரு பக்கமா கிட்டக் கொண்டுபோனா உள்ள இருக்கிற எண் தட்டு திரும்பும். சட்டுனு ஸ்பேனரை எடுத்துடு. தட்டு பழைய எண்ணுக்கே திரும்பி வரணும். அடுத்த பக்கத்துல இருந்தும் இதையே செய். ரெண்டு தடவையும் வேற வேற எண்ணுல நின்னா உள்ள ஊசிமுனை தேஞ்சுபோச்சு, மாத்தத்தான் வேணும். சின்னக் குமிழி மட்டும்னா திரவம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதை ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்ட கொடு. தேங்காய் எண்ணெயோ தண்ணியோ ஊத்தின காம்பஸ் அதோட முடிஞ்சது.

விலை குறைவுன்னு ஐரோப்பாவுல இருந்து வந்த பழைய காம்பஸை வாங்கிடாதே. பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தும்பாவை ஒட்டித்தான் போகுது. 1963 நவம்பர் 21-ல நாட்டோட முதல் ராக்கெட்டை அங்க இருந்து விட்டதுக்கே அதுதான் காரணம். இங்க காந்தமுள் மட்டமா நிக்கும். வடக்கே போகப் போக ஒரு முனை கீழே சாயும். அந்த ஊர்ச் சாய்வுக்கு எடை வச்சுச் செஞ்ச தட்டு இங்க ஒரு பக்கம் இழுத்து, கிண்ணத்துல உரசி நிக்கும். "இந்தப் பகுதிக்குச் சமன் செஞ்சதா?"ன்னு கேட்டுட்டுப் பணத்தை எடு.

ஜிபிஎஸ் இருக்கும்போது காம்பஸ் எதுக்குன்னு வீட்டு ஆம்பளைங்க கேப்பாங்க. படகு ஓடினாத்தான் சாதாரண ஜிபிஎஸ் திசை சொல்லும். எஞ்சின் நின்னு, இருட்டுல படகு சுத்திக்கிட்டிருக்கும்போது அது காட்டுற திசையை நம்ப முடியாது. அதோட காம்பஸுக்குக் கரண்ட் வேண்டாம்.

3. காம்பஸ் பக்கத்துல ஸ்பீக்கர், போன், கத்தி, இரும்புப் பெட்டி எதுவும் கூடாது. மூணடி தள்ளியே இருக்கட்டும். கிட்டப் போற கரண்ட் வயர் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி விடு, காந்தப்புலம் பெரும்பாலும் அடங்கிடும். பொருத்தின பிறகு விளக்கு, எஞ்சின் எல்லாத்தையும் போட்டுப் பார்த்து, தட்டு அசையுதான்னு கவனி.

4. ஆழம் காட்டுற எக்கோ சவுண்டர் இருந்தா, பெட்டியை மட்டும் மாத்திட்டு, அடியில இருக்கிற பழைய உணரியோட சேர்த்துடலாம்னு நினைக்காதே. பிளக்கும் அலைவரிசையும் ஒத்துப்போகணும். வயர் நீளமா இருந்தா சுருட்டிக் கட்டு, வெட்டாதே. கெட்டி ஃபைபர் அடித்தட்டுன்னா உள்ளேயே ஒட்டலாம். பிளைவுட் படகுல அது நடக்காது, அமரத்துக்கு வெளியதான் மாட்டணும், அதுவும் எஞ்சின் காத்தாடி கிளப்புற நுரைக்கு விலகி.

5. இப்ப சாலையில வாங்க வேண்டியது: வெள்ளீயம் பூசின செம்பு வயர், ஃபியூஸ், லக், பித்தளை ஸ்க்ரூ. பர்ஸ்ல ஒரு சின்னக் காந்தம் வச்சுக்கோ. பித்தளைன்னு சொல்லி இரும்புக்கு மெருகு போட்டுத் தந்தா கடையிலேயே தெரிஞ்சிடும். வீட்டுக்கு இழுக்கிற வயர் உப்புக்காத்துல கறுத்துப்போகும், வேண்டாம். ஃபியூஸ் பாட்டரிக்குப் பக்கத்துலயே வரணும்.

6. காத்துக் காட்டுற மின்கருவியும், வேகம் காட்டுற சக்கரமும் இப்போதைக்கு வேண்டாம். சக்கரத்துல கொட்டலசு பிடிச்சா அது சுத்தாது. வேகத்தை ஜிபிஎஸ்ஸே சொல்லும். பாய் ஓரத்துல ரெண்டு கம்பளி நூல் கட்டிட்டா காத்து எப்படி விழுதுன்னு தெரிஞ்சிடும்.

7. பணம் பத்தலைன்னா ஆபத்தை அறிவிக்கிற கருவிக்கு முதல்ல ஒதுக்கு. 2017 நவம்பர் கடைசியில ஒக்கிப் புயல் வந்தப்போ தூரக்கடல்ல இருந்தவங்களுக்குச் செய்தி போய்ச் சேரலை. இப்ப இஸ்ரோ செஞ்சிருக்கிற இரண்டாம் தலைமுறைக் கருவி, நீ அனுப்பின அழைப்பு கிடைச்சுதுன்னு திருப்பிச் சொல்லும். புயல் எச்சரிக்கையும் அது வழியா வரும். கருவியோ படகோ கை மாறினா பதிவையும் மாத்து. இல்லைன்னா வேற படகைத் தேடிப் போவாங்க. கடலோரக் காவல்படையோட உதவி எண் 1554-ஐ வீட்டுச் சுவர்லயும் எழுதி வை.

இந்தக் கருவியைப் பாய்மரத்துலயோ பெரிய பாட்டரியிலயோ நம்பிக் கட்டாதே. 2018 செப்டம்பர்ல தெற்கு இந்தியப் பெருங்கடல்ல, தனியா உலகத்தைச் சுத்திக்கிட்டிருந்த அபிலாஷ் டோமியோட பாய்ப்படகு கவிழ்ந்து புரண்டு, பாய்மரம் முறிஞ்சுது. முதுகுல அடிபட்டு எழுந்திருக்க முடியாம கிடந்தவரை மூணு நாள் கழிச்சு பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் வந்து மீட்டுது. தனியா இயங்கின கருவிகள் வழியாத்தான் அவர் செய்தி வெளிய வந்துது. படுத்தபடியே கை எட்டுற இடத்துல வை.

8. எல்லாம் மாட்டின மறுநாளே வெளிக்கடலுக்கு அனுப்பாதே. பகல்ல, கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துல, தெரிஞ்ச ஒரு பாருக்குப் போய் எண் ஒத்துவருதான்னு பார்க்கச் சொல்லு. அதுவரைக்கும் பழைய பெட்டியை எடைக்குப் போட்டுடாதே.