சர்க்கரையை எடை போடுவது எப்படி?

பாரூரில் பத்தாம் வகுப்புக்கு இரத்த வகைகளை நடத்திக்கொண்டிருந்தேன். "ஏ, பி ஆன்டிஜென்கள் எதனால் ஆனவை, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "நாளை சொல்கிறேன்" என்றேன். அன்றிரவு படித்ததை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்கிறேன்.

எங்கள் பகுதியில் மாங்கூழ் ஆலைகள் அதிகம். சர்க்கரை என்றால் இனிப்பு என்றே பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் சிவப்பணுவின் மேற்பரப்பிலும் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. இவையே கிளைக்கான்கள். சங்கிலியின் நுனியில் ஏ வகையில் என்-அசிட்டைல் காலக்டோசமைன் (மூலக்கூறு நிறை 221), பி வகையில் காலக்டோஸ் (180). வேறுபாடு 41 மட்டுமே. ஓ வகையில் இவ்விரண்டும் இல்லை. 1952-இல் மும்பையில் பெண்டே குழுவினர் அறிவித்த 'பம்பாய் வகை'யில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையும் சேராததால் ஹெச் ஆன்டிஜென் உருவாவதில்லை. அவர்களுக்கு ஓ வகை இரத்தமும் பொருந்தாது. ஒரு சர்க்கரை உயிர் காக்கும் விஷயமாகிவிடுகிறது.

இச்சங்கிலிகளை எடை போட உதவுவது நிறை நிறமாலைமானி. அது மின்சுமை உள்ள அயனிகளை மட்டுமே அளக்கும். கரைசலை நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்கும்போது, நீரை விரும்பும் சர்க்கரை துளிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் கருவிக்குக் கிடைக்கும் குறிப்பலை மங்கலாகிறது.

செயல்பாடு: ஒரு டம்ளர் நீரில் சர்க்கரையையும், மற்றொன்றில் ஒரு சொட்டு நல்லெண்ணெயையும் இடச் செய்யுங்கள். சர்க்கரை கரைந்து மறையும். எண்ணெய் மேலே நிற்கும். சர்க்கரையையும் எண்ணெய்போல் மேற்பரப்புக்கு வரச் செய்தால் அது எளிதில் அயனியாகும்.

இதற்காக ஹைட்ராக்சில் தொகுதிகளின் ஹைட்ரஜனை நீக்கி மீத்தைலை இணைக்கிறார்கள். 1984-இல் சியுகானுவும் கெரெக்கும் வெளியிட்ட எளிய முறை இன்றும் பயன்படுகிறது. இதில் சேரும் மீத்தைல் அயோடைடு நச்சுப்பொருள், பள்ளியில் செய்யக்கூடாது. கணக்காக மட்டும் கொடுக்கலாம்.

கணக்கு: ஹைட்ரஜன் 1, மீத்தைல் 15; ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிறை 14 கூடும். குளுக்கோஸில் 5 ஹைட்ராக்சில் தொகுதிகள். 180 + (5 × 14) = 250.

மறுநாள் இதை நடத்தியதும் அதே மாணவி மீண்டும் எழுந்தாள்: "குளுக்கோஸ், காலக்டோஸ் இரண்டுமே 180 தானே, கருவி எப்படிப் பிரித்தறியும்?" நிறை மட்டும் போதாது, மூலக்கூறை உடைத்து, துண்டுகளையும் ஆராய வேண்டும், நொதிகளின் துணையும் தேவைப்படும் என்றேன். "நாளை சொல்கிறேன்" என்று அன்று நான் ஒப்புக்கொண்டதால்தான் இந்தக் கேள்வி வகுப்பில் பிறந்தது.